முப்பத்தெட்டு நொடி

காவேரிப்பட்டினம் தாண்டி
மாங்கூழ் ஆலையின் லாரித் திடலில்
வண்டியை ஓரங்கட்டினேன்.
ராத்திரிக்கு நூறு ரூபாய், தண்ணீர் சேர்த்து.
காவலுக்கு இருந்த திம்மராயன்
டார்ச்சை உள்ளே அடித்து
கட்டில், அடுப்பு, தொட்டி, டிவி
எல்லாம் பார்த்து முடித்துக் கேட்டார்:
"இதுல வண்டி எதும்மா, வீடு எது?"
எங்களுக்கே இன்னும் பிடிபடவில்லை.

ஓட்டுவது நான்.
டேட்டா பார்த்துக்கொள்வது இவர்.
மத்தியானம் தொப்பூர் ஏற்றத்தில் சிக்னல் அறுந்து
அரையிறுதியின் மறு ஒளிபரப்பில்
ஒரு பந்து
வீசுகிறவன் கையிலேயே நின்றுவிட்டது.
எதிர்ச்சாரியில் பிரேக் கருகும் வாடையோடு
லாரிகள் ஊர்ந்து இறங்க,
நடுவில் அந்த வட்டம்
சுற்றிச் சுற்றிச் சுற்றி.
"விட்டுத் தொலைடா" என்றார்.
தர்மபுரி வந்துதான் விட்டான்.
அகலப்பந்து.

இன்றைக்கு இறுதிப்போட்டி.
டாங்கிளை டிபன் டப்பாவில் வைத்து
மூங்கில் நுனியில் கட்டிக்
கூரைமேல் நட்டிருக்கிறார்.
மழை வந்தாலும் கவலையில்லை,
சாம்பார் வாசனை மட்டும் போகவில்லை.
ஆலைப் பக்கமிருந்து
பெங்களூரா காய்களின் புளித்த இனிப்பு.
கொசுவலைக்கு வெளியே ஈக்கள்
ராத்திரி ஷிப்ட் பார்க்கின்றன.

முப்பது வருஷம்
ஸ்பின்னிங் மில்லில் நின்ற காது இவருடையது.
ஏழு மணிக்கு மெஷினைக் கழற்றித்
தீப்பெட்டிக்குள் வைத்துவிடுவார்.
ஆட்டத்துக்குச் சத்தம் தேவையில்லையாம்,
ஸ்கோர் போதுமாம்.

நான்காவது ஓவரில்தான் கண்டுபிடித்தேன்.
ரோட்டோர டீக்கடையில் டிஷ் டிவி.
அங்கே "ஓ"வென்று கத்துகிறார்கள்,
இங்கே பந்துவீச்சாளன்
இன்னும் பேன்ட்டில் பந்தைத் துடைக்கிறான்.
எண்ணிப் பார்த்தேன்: முப்பத்தெட்டு.
முப்பத்தெட்டு நொடிக்கு அப்புறம்தான்
இவர் உலகத்தில் ஸ்டம்ப் விழுகிறது.

அதற்குப் பிறகு நான் ஆட்டம் பார்க்கவில்லை,
இவர் முகத்தைத்தான் பார்த்தேன்.
விழப்போகிற விக்கெட் தெரியாமல்
கடலை உரிக்கிற முகம்.
ஆறு போகப்போகிற பந்துக்கு
"கட்டை போடு, கட்டை போடு" என்று
கெஞ்சுகிற முகம்.
நான் மூச்சு விடவில்லை.
இதில் எனக்குப் பழக்கம் உண்டு.
காலையிலிருந்து ஒன்றை வைத்திருக்கிறேன்.
சேர்மராஜ் குரல்செய்தி அனுப்பியிருந்தான்:
கோவில்பட்டி வீட்டுக்கு
அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது.
ஆறு மாசம் சுற்றிவிட்டுத் திரும்புவோம் என்று
சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்திருக்கிறார் இவர்.
ஆட்டம் முடியட்டும், சொல்லலாம்.
ஆட்டம் முடியட்டும்.

கடைசி ஓவர்.
தொண்ணூறு சதவீதம் டேட்டா தீர்ந்தது என்று
கம்பெனிக்காரன் செய்தி.
டீக்கடையில் வெடி.
ஒரு லாரிக்காரர் ஏர்ஹாரனை
அமுக்கிக்கொண்டே இருந்தார்.
இவர் விரல் நகத்தைக் கடித்தபடி.
முப்பத்தஞ்சு, முப்பத்தாறு, முப்பத்தேழு...
தலைதெறிக்க எழுந்து
கூரையில் இடித்துக்கொண்டார்.
கதவைத் தட்டித் திம்மராயன் தலை நீட்டினார்:
"என்ன சார், இப்பத்தான் ஜெயிச்சீங்களா?"
காது கேட்காமலே சிரித்தார் இவர்.

மூங்கிலை இறக்கி,
டப்பாவைத் துடைத்து,
வயரைச் சுருட்டிக்கொண்டே,
என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:
"போர் மோட்டார் போன வருஷம்தான் மாத்துனது.
அதுக்குத் தனியா காசு கேளுன்னு
சேர்மன்கிட்டச் சொல்லிட்டேன்."

பாய்லர் ஒருமுறை நீராவி விட்டது.
தீப்பெட்டி
டிவி பக்கத்தில் மூடியபடியே இருந்தது.

எத்தனை நாளாயிற்றோ.
எந்தக் கடைச் சத்தம் கேட்டதோ இவருக்கு.